பதினோரு மில்லிகிராம்

லேயர் அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆராய்ச்சிக்கூடத்தில் அது யாருக்கும் ஞாபகமில்லை. ஆறு வருஷமாக ஒரு கார்பன் மின்முனையின் நுனியில் உலோகக் கலவையை லேயர் லேயராகப் பூசிக்கொண்டிருப்பவளுக்கு வேறு பெயர் எதற்கு?

மின்முனை என்றதும் ஏதோ பெரிய சமாசாரம் என்று பயந்துவிட வேண்டாம். பேனா நீளத்தில் ஒரு குச்சி. அதன் நுனியில் மிளகளவுக்குக் கறுப்பாக ஒரு கார்பன் வட்டம். அதை அரை மணி நேரம் ஈரத்துணியில் தேய்த்துக் கண்ணாடியாக்கி, டின்னும் நிக்கலும் கலந்த கலவையை மூன்று அடுக்காகப் பூசி, உப்புக் கரைசலில் முக்கி மின்சாரம் கொடுத்தால், பால் கெடாமலிருக்க எவனோ திருட்டுத்தனமாகக் கலந்த பெராக்சைடு எவ்வளவு என்று அது காட்டிக்கொடுத்துவிடும். பிளாட்டினம் பூசினாலும் இதே வேலை நடக்கும். ஆனால் பிளாட்டினம் விற்கிற விலைக்கு அதைப் பாலில் முக்க யாருக்கு மனசு வரும்? அதனால் "பிளாட்டினத்துக்கு நாங்க பை பை சொல்லிட்டோம்" என்று பேராசிரியர் மேடைக்கு மேடை முழங்கிக்கொண்டிருந்தார்.

மின்சாரம் சுற்றிவர எதிர்ப்பக்கம் ஒரு கம்பி வேண்டும். அது மட்டும் பிளாட்டினக் கம்பி. மேடையில் மைக்கைத் தாங்கும் கம்பியை யாராவது பார்க்கிறார்களா? அப்படித்தான் அதையும் யாரும் பார்க்கவில்லை.

இந்த மின்முனையிடம் ஒரு அதிசயம் இருந்தது. உலகத்தில் செருப்பிலிருந்து சீப்புவரை பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்ந்துபோகும். இது மட்டும் நாளாக நாளாக நன்றாக வேலை செய்தது. பேராசிரியர் விடுவாரா? "தன்னைத்தானே மேம்படுத்திக்கொள்ளும் மின்முனை" என்று பெயர் சூட்டி நாலு கட்டுரை போட்டுவிட்டார். மூன்றாம் வருஷம் லேயர் அக்கா, "ஏன் சார் இப்படி ஆகுது?" என்று கேட்டாள். "நல்லது நடக்கும்போது நோண்டாதம்மா" என்றார். மகராசி, நோண்டவில்லை. இப்போது ஆறாம் வருஷம்; பட்டத்துக்கு இன்னும் மூன்றே மாதம் இருந்தது.

அப்போதுதான் ஸ்டோர்கீப்பர் தராசோடு வந்து சேர்ந்தார். விலையுயர்ந்த உலோகங்களை ஆறு வருஷத்துக்கு ஒருமுறை எடை போட வேண்டும் என்பது விதி. தன் பெண்டாட்டியின் பிறந்தநாளை மறந்தாலும் மறப்பார், அந்த விதியை மறக்க மாட்டார். கம்பியைத் தட்டில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி வைத்தார்.

"ஆறு வருஷம் முன்னாடி எழுநூத்தி நாப்பது மில்லிகிராம். இப்ப எழுநூத்தி இருபத்தொம்பது. பதினொண்ணு எங்கம்மா?"

"எனக்கெப்படி சார் தெரியும்?"

"உங்க பொறுப்புலதான இருக்கு?" என்றவர், அவள் விரலை ஒரு பார்வை பார்த்தார். "மோதிரம் புதுசா?"

லேயர் அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. அது கல்யாண மோதிரம், ஒன்பது வருஷப் பழசு. ஆனால் அதற்குள் அவர் விசாரணைக்குழுவுக்கு எழுதிப் போட்டாயிற்று. சாயங்காலத்துக்குள் கட்டிடம் முழுக்க, லேயர் அக்கா பிளாட்டினம் கடத்துகிறாள் என்று பரவிவிட்டது.

வீட்டுக்குப் போய் புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள். அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "கம்பி இளைச்சதுக்கு நீ என்னடி பண்ணுவ? மூணு வேளையும் சோறு ஊட்டணுமா?" என்றான்.

"விளையாடாதீங்க. என்னைத் திருடிங்கறாங்க."

"சரி, நீ எடுக்கல. ஒரு எடத்துல கொறஞ்சா இன்னொரு எடத்துல ஏறியிருக்கணுமே. ஒங்க லேப்ல வேற யாரு பெருத்திருக்கா?"

சிரித்துவிட்டு அவன் அடுப்படிக்குப் போனான். அவள் சிரிக்கவில்லை. கம்பி இளைக்க இளைக்க, எதிரில் நாளுக்கு நாள் தேறிக்கொண்டிருந்தது யார் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் புது மின்முனை ஒன்றைத் தேய்த்தாள். மூன்று அடுக்குப் பூசினாள். எதிர்ப்பக்கம் பிளாட்டினத்தை எடுத்துவிட்டு ஒரு கார்பன் குச்சியை வைத்தாள். நாள் முழுக்க ஓட்டினாள். பெராக்சைடு பட்டால் எழ வேண்டிய கோடு திரையில் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. பெராக்சைடை இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். ஊஹும். பிறகு பழைய கம்பியைத் திரும்ப வைத்து இரண்டு நாள் ஓட்டினாள். கோடு சமர்த்தாக எழுந்து நின்றது. கம்பி கரைசலில் கரைந்து, கரைந்ததில் துளி எதிர்ப்பக்கம் வந்து ஒட்டி, ஆறு வருஷமாக அதுதான் உழைத்திருக்கிறது. பை பை சொல்லி அனுப்பிய பிளாட்டினம் கொல்லைப்புறமாக உள்ளே வந்து அத்தனை வேலையையும் பார்த்திருக்கிறது. அவளுடைய மூன்று அடுக்குகளும் அதற்கு உட்கார இடம் கொடுத்ததோடு சரி.

பேராசிரியர் இரண்டு வரைபடங்களையும் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"நல்லதா போச்சு. கம்பி நுனி உடைஞ்சு விழுந்துச்சு, கவனக்குறைவா தொலைச்சுட்டேன்னு ஒரு கடிதம் எழுதிக் குடு. குழுவை நான் பாத்துக்கறேன். மூணு மாசத்துல நீ டாக்டர்."

"அப்ப கட்டுரை எல்லாம்?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும். உன்னை என்ன பண்ணுது?"

அவள் தாளை வாங்கிக்கொண்டு தன் மேசைக்கு வந்தாள். நியாயமாகச் சொன்னால், எழுதவே உட்கார்ந்தாள். உத்தமி வேஷமெல்லாம் அவளுக்கு ஒத்துவராது. ஆறு வருஷம், கிடைக்க வேண்டிய வேலை, ஊரெல்லாம் "டாக்டரம்மா" என்று இப்போதே சொல்லித் திரிய ஆரம்பித்துவிட்ட மாமியார். "என் கவனக்குறைவால்" என்றுவரை எழுதினாள். அங்கே பேனா நின்றது. ஒரு வட்டத்துக்கு அரை மணி நேரம் என்று ஆயிரம் வட்டம் தேய்த்தவள்; ஒரு குச்சியைக்கூடக் கீழே போட்டதில்லை. திருடி என்றதைக்கூடத் தாங்கிக்கொண்டவளுக்கு இந்தக் கவனக்குறைவைத் தாங்க முடியவில்லை. தாளைக் கசக்கிக் கூடையில் எறிந்தாள்.

விசாரணைக்குழுவின் தலைவர் தாவரவியல்காரர். இலையைத் தவிர எதையும் எடை போட்டுப் பழக்கமில்லாதவர். அவருக்கே புரியும்படி லேயர் அக்கா சொன்னாள்.

"அப்ப கம்பி கரைஞ்சு இந்தப் பக்கம் ஒட்டிக்கிச்சு. அதுதான் அளந்திருக்கு. சரியாம்மா?"

"சரி சார்."

"அப்ப உங்க மூணு லேயர் என்ன பண்ணுச்சு?"

"சும்மா இருந்துச்சு சார்."

பேராசிரியர் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் லேபிளை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஸ்டோர்கீப்பருக்கு மட்டும் முகமெல்லாம் வெளிச்சம். "ஒட்டினது துளின்னீங்க. மீதி?" என்று கேட்டு, கழிவுக் கேனில் என்று தெரிந்ததும் ஓடினார். அரை மணியில் அந்த நாற்றம்பிடித்த கேனில் "பிளாட்டினம், தொடாதீர்" என்று சீட்டு ஒட்டியாயிற்று. திருட்டு நடக்கவில்லை என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. ஆராய்ச்சி பொய்யாய்ப் போனது பற்றி விசாரிக்கக் குழுவுக்கு அதிகாரமில்லையாம். டீ குடித்துக் கலைந்தார்கள்.

வராந்தாவில் பேராசிரியர் அவளை மறித்தார். "நீ திருடினேன்னே ஒத்துக்கிட்டிருக்கலாம். ரெண்டு பேருக்கும் நல்லதா இருந்திருக்கும்."

"திருடறதுன்னா ஆறு வருஷம் உக்காந்து பதினோரு மில்லிகிராமா சார் திருடுவேன்?"

அவர் விடுவிடுவென்று நடந்தார். பட்டம் போயிற்று. நாலு கட்டுரைகளையும் திரும்பப் பெற வேண்டும். புதுத் தலைப்பு, முதல் வருஷம், எல்லாம் முதலிலிருந்து. மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுதாள்.

மறுவாரம் அலுவலகத்திலிருந்து ஒரு உறை வந்தது. தடித்த காகிதம், வட்ட முத்திரை, பதிவாளர் கையெழுத்து. ஆராய்ச்சிக்கூடத்தில் யாருக்கும் ஞாபகமில்லாத அவள் முழுப்பெயர், ஒரு எழுத்துப் பிழையில்லாமல். மேற்படியார் நிறுவனத்தின் பிளாட்டினத்தைத் திருடவில்லை என்று இதனால் சான்றளிக்கப்படுகிறது.

ஆறு வருஷப் படிப்புக்கு அவள் கையில் வந்த சான்றிதழ் அது ஒன்றுதான்.