ஒலிண்டா பேசுகிறார்

கலைச்சூரியன் விநாயகமூர்த்திக்கு அப்போது ஆறு பட்டங்கள் இருந்தன. அவற்றில் நான்கை வழங்கிய சங்கத்துக்கு அவரே ஆயுட்காலத் தலைவர். ஐந்தாவதை வழங்கியது அவருடைய மைத்துனர். ஆறாவது எப்படி வந்தது என்பது அவருக்கே மறந்துபோயிருந்தது.

கனடாவின் ஸ்காபரோவில் மரக்கறிக் கடைக்குப் பக்கத்தில் வீடியோ கடை வைத்திருந்த இந்தக் கலைச்சூரியன், தொண்ணூற்றைந்தாம் ஆண்டு பனிக்காலத்தில், எங்கிருந்தோ பெட்டியோடு கைக்கு வந்த ஒரு பிரேசில் தொலைக்காட்சித் தொடரைத் தமிழாக்கி, 'கண்ணீர் மாளிகை' என்ற பெயரில் வாரம் ஒரு கசெற்றாக வெளியிடத் தொடங்கினார். போர்த்துக்கீச மொழியில் அவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. அதனால் என்ன? படத்தில் உள்ளவர்கள் அழுதால் அழுவதற்கும், கதவை அறைந்தால் அறைவதற்கும் தோதாக வசனத்தைத் தானே எழுதிவிடுவார். கதை எங்கே போகிறது என்பது அவருக்கும் தெரியாது, பார்ப்பவர்களுக்கும் தெரியாது. சனம் அடுத்த கசெற் எப்போது வரும் என்று கடை வாசலில் நின்றது.

தொடரின் நாயகி ஒலிண்டா கிந்தேலா என்ற நடிகை. கூரிய மூக்கும் உயர்த்திக் கட்டிய கொண்டையும், எதைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் இன்னொன்றைப் பார்ப்பதுபோன்ற கண்களும் உள்ளவர். தமிழில் அவருக்குக் குரல் கொடுத்தவர் புனிதவதி.

புனிதவதி யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் மேடையேறியவர். தோழி, இரண்டாம் தோழி, ஊர்ப்பெண், உள்ளேயிருந்து வரும் அழுகுரல். இருபது வருடமும் நோட்டீசில் 'மற்றும் பலர்' என்ற இரண்டு சொற்களுக்குள்தான் குடியிருந்தார். ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதிக்கு வந்து, மஃபின் தொழிற்சாலையில் பெட்டி மடித்து, நாற்பத்தெட்டு வயதான பிறகும் அவருக்கு ஒரே ஆசைதான் மிச்சமிருந்தது. நிறைந்த சபை ஒன்றில் ஒருதரம், ஒரேயொரு தரம், தன் பெயரைச் சொல்லவேண்டும். ஆட்கள் தன் முகத்தைப் பார்க்கவேண்டும். 'கண்ணீர் மாளிகை' எழுத்தோட்டத்தில் விநாயகமூர்த்தியின் பெயர் ஏழு இடத்தில் வந்தது. அதற்குக் கீழே, 'குரல்: மற்றும் பலர்.'

ஒலிப்பதிவு விநாயகமூர்த்தி வீட்டு பேஸ்மென்ற்றில் நடந்தது. சுவரெல்லாம் பழைய போர்வைகள். வீட்டைச் சூடாக்கும் இயந்திரம் உறுமத் தொடங்கினால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கவேண்டும். கசெற்றை ஓட்டுவது இக்னேசியஸ். குருநகர்க்காரன், அதிகம் பேசாதவன்.

பன்னிரண்டாம் கசெற்றில், ஒலிண்டா ஒரு ஜன்னலோரம் நின்று பேசும் காட்சி. நடுவில் புனிதவதிக்கு இருமல் வந்துவிட்டது. திரையில் ஒலிண்டா வாயை மூடினார். நேரே பார்த்தார். இருமல் நின்றதும் மீண்டும் வாயைத் திறந்தார்.

"இக்னேசியஸ், உதை நிப்பாட்டினனீரே?"

"இல்லையக்கா. அது தன்ரபாட்டில ஓடுது."

திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். இப்போது ஒலிண்டா மூச்சுவிடாமல் பேசினார். எங்கும் நிறுத்தவில்லை.

"நித்திரை குறைவாக்கும், அக்கா," என்றான் இக்னேசியஸ். ஆனால் அவனும் ஒருமுறை குனிந்து இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டான்.

அடுத்த கிழமை புனிதவதி காதில் மாட்டியிருந்த ஹெட்போனைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"உவ தமிழ் கதைக்கிறா."

விநாயகமூர்த்தி தேத்தண்ணிக் கோப்பையோடு படியிறங்கி வந்தார். "ஆர், என்ன கதைக்கிறா?"

"ஒலிண்டா. சாவி எண்டுறா. மேசை எண்டுறா. சப்பாத்து, ஜன்னல் எல்லாம் சொல்லுறா. நான் கேட்டனான் அண்ணை, என்ர ரெண்டு காதாலயும்."

இக்னேசியஸ் தலையைச் சொறிந்தான். "அது போர்த்துக்கீசச் சொல்லுகள்தானே அக்கா. எங்கட ஊரை ஆண்ட நேரம் விட்டிட்டுப் போனவங்கள்."

"விட்டிட்டுப் போனாங்களோ, எடுத்துக்கொண்டு போனாங்களோ, ஆர் கண்டது?" என்றார் விநாயகமூர்த்தி. "நீர் பக்கத்தில நிண்டு பாத்தனீரே?"

அவர் முகத்தில் ஏழாவது பட்டத்தின் ஒளி அப்போதே விழத் தொடங்கியிருந்தது. இரண்டு கிழமையில் 'பிரேசில்: நாம் மறந்த நம் இல்லம்' என்ற சிறப்பு மலர் வந்தது. அமேசன் என்பது 'அம்மையீசன்' என்பதன் திரிபு என்று ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் அதில் நிறுவியிருந்தார். மறுப்பதற்கு ஸ்காபரோவில் பிரேசில்காரர் யாரும் அகப்படவில்லை.

இக்னேசியஸின் விளக்கம் சரி என்று புனிதவதிக்கும் தெரிந்தது. சொற்களுக்கு விளக்கம் இருந்தது. சொற்களுக்கு நடுவே ஒலிண்டா நிறுத்திய இடங்களுக்குத்தான் இல்லை. புனிதவதி எங்கே மூச்செடுக்க நினைத்தாரோ, அங்கே அவர் நிறுத்தினார். முன்பு ஒலிண்டாவின் வாய்க்குப் பின்னால் புனிதவதி ஓடினார். இப்போது அந்த வாய் திறந்து, இவருக்காகக் காத்து நின்றது.

மலர் தந்த உற்சாகத்தில் விநாயகமூர்த்தி அடுத்த அறிவிப்பை விட்டார்: 'தாயகத் தமிழரைக் காண வருகிறார் தமிழ்மகள் ஒலிண்டா!' பிரேசிலுக்குச் செந்தமிழில் ஒரு கடிதமும் போட்டார். பதில் வரவில்லை. மண்டபம் பிடித்து, நோட்டீசும் ஒட்டியான பிறகு, இக்னேசியஸ் ஒரு சேதி கொண்டுவந்தான். டண்டாஸ் வீதியில் பாண் விற்கும் போர்த்துக்கீசப் பெண்ணிடம் விசாரித்திருந்தான்.

"அவ பெரிய ஆளாம் அண்ணை. பதினெட்டு வயதில வேலைக்காரி வேசத்தில மேடையேறி, பிறகு ராணியா நடிச்சு, கடைசியில ரீவியில எல்லா வீட்டுக்கும் தாய்க்காரியாம். ஆனா செத்துப்போனா. நாலு வருசம்."

"எப்பிடி?"

"திரும்ப மேடைக்குப் போனவவாம். நாடகத்துக்கு நடுவில குரல் நிண்டுபோச்சாம். வாய் மட்டும் அசைஞ்சுகொண்டே இருந்ததாம். நடிப்பெண்டு நினைச்சுச் சனம் கைதட்டியிருக்கு. தட்டி முடியத்தான் விசயம் தெரிஞ்சதாம்."

புனிதவதி போர்வைச் சுவரில் சாய்ந்துகொண்டார். விநாயகமூர்த்தி சற்று யோசித்தார்.

"செத்திட்டாவோ? அப்ப மறுப்பறிக்கை விடமாட்டா."

திட்டம் உடனே பிறந்தது. மேடையில் ஒரு வெள்ளைத்திரை. பின்னால் ஒரு விளக்கு. நடுவில் கதிரை. கனடாக் குளிரும் வெளிச்சமும் ஒலிண்டாவின் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சபைக்குச் சொல்வது. ஆகவே நிழலாகத் தரிசனம் தருவார், தமிழில் நாலு வார்த்தை பேசுவார்.

"அந்தச் செத்த மனிசியாய் நான் இருக்கமாட்டன், அண்ணை," என்றார் புனிதவதி.

"என்ன தங்கச்சி, நடிகை எண்டால் இதுக்கெல்லாம் பயப்பிடலாமே?"

நடிகை என்று அவரை யாரும் அதுவரை சொன்னதில்லை.

"கடைசியில என்னை முன்னால கூப்பிடவேணும். பேரைச் சொல்லவேணும்."

"சொல்லாமல்? கட்டாயம் சொல்லுவன்."

ஏப்ரல் மாத ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பள்ளிக்கூட மண்டபத்தில் நானூறு பேர். விநாயகமூர்த்தியின் வரவேற்புரை எழுபது நிமிடம் நடந்தது. அதில் ஒலிண்டாவைப் பற்றி மூன்று நிமிடம் வந்தது. பிறகு மண்டபத்து விளக்குகள் அணைந்தன, திரைக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. சபை 'ஆ' என்றது.

உயர்த்திக் கட்டிய கொண்டையோடு புனிதவதி கதிரையில் இருந்தார். மடியில் ஒலிவாங்கி. கண்ணுக்கு முன்னால், துணியில், தன் நிழல். கும்பிடவேண்டும் என்று நினைத்தார். கை மடியைவிட்டு எழும்ப முன்னரே நிழல் கும்பிட்டது.

நிழலின் வாய் திறந்தது. பழக்கதோஷத்தில் இவர் குரல் பின்னாலேயே ஓடியது.

"அன்பான தமிழ் நெஞ்சங்களே..."

மண்டபம் அதிர்ந்தது. கிழவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். எழுதித் தந்த நாலு வார்த்தை முடிந்தபோது நிழல் வாயை மூடிக்கொண்டு தலையைச் சரித்தது. இவர் தலையைச் சரிக்கவில்லை. பொன்னாடையைத் திரைக்கம்பிக்கு மேலால் எறிந்தார்கள். அது இவருடைய தோளில் விழாமல் தரையில் விழுந்தது. சபை அதற்கும் தட்டியது. நிழலின் தோளில் அது அழகாகப் படிந்திருந்தது.

நன்றியுரை தொடங்கியது. மண்டபம் தந்தவர்களுக்கு நன்றி. ஒலி, ஒளி. ரோல்ஸ் பொரித்துத் தந்த அருள்நாயகிக்கு நன்றி. கார் நிறுத்த இடம் காட்டியவருக்கு நன்றி. "இத்துடன் எங்கள் விழா..." என்று விநாயகமூர்த்தி இழுத்தார்.

புனிதவதி ஒலிவாங்கியை வாயோடு சேர்த்தார்.

"நான் புனிதவதி."

பிறகு பெருங்கைதட்டல்.

"பாத்தியளே!" விநாயகமூர்த்தி மேடையில் துள்ளினார். "குரல் குடுத்த எங்கட பிள்ளையின்ர பேரையும் நினைவு வைச்சுச் சொல்லுறா! பெரிய மனம்!"

புனிதவதி எழுந்தார். ஒலிவாங்கியைக் கதிரையில் வைத்தார். திரையை விலக்கிக்கொண்டு மேடையின் முன்னுக்கு வந்து, நடு மேடையில் நின்றார். நானூறு முகங்கள். ஒன்றுகூட அவரைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் அவருடைய தோளுக்கு மேலால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.

திரும்பினார். ஆளில்லாத கதிரையில், வெள்ளைத்துணியில், கொண்டை போட்ட நிழல் இருந்தபடியே இருந்தது. வாயைத் திறந்து வைத்திருந்தது.

முன்வரிசையில் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் கையை ஆட்டினாள்.

"அன்ரி, கொஞ்சம் விலகுங்கோ. மறைக்குது."

"மன்னிக்கவேணும்" என்று சொல்லப் புனிதவதி வாயை அசைத்தார். குரல் திரையின் மறுபக்கத்திலிருந்து வந்தது.