சிவப்புக் குறி போட்ட டிரம்

என் வீட்டுக்காரர் உத்தமனுக்கு ஆவடியில் ராணுவத் தளவாட ஃபேக்டரியில் வேலை. இன்ஸ்பெக்டர். இவர் பிடிப்பது திருடனை அல்ல, அளவு தப்பிய இரும்பை. சட்டைப் பையில் வெர்னியர் என்ற அளவுகோல் ஒன்று, ஒரு சிவப்பு மார்க்கர். அளந்து பார்ப்பார். ஒரு மயிரிழை கூடக்குறைய இருந்தால் பெருக்கல் குறி போட்டுவிடுவார். குறி விழுந்த பீஸை அதற்கப்புறம் ஃபேக்டரியில் ஒருவரும் தொட மாட்டார்கள். சம்மட்டியால் உடைத்துக் கழிவில் போட்டுவிடுவார்கள்.

அந்த மார்க்கர் ஷிஃப்டோடு ஓய்ந்தால் பரவாயில்லை. வீட்டில் சொத்தைக் கத்தரிக்காய்க்குக் குறி போடுவார். கீறல் விட்ட தேங்காய்க்குப் போடுவார். என் அண்ணன் ஊரிலிருந்து எழுதிய கடிதத்தில், "அடுத்த மாதம் கட்டாயம் வருகிறேன்" என்ற வரிக்கே போட்டிருக்கிறார். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் நான் தப்பித்தது என் பெற்றோர் செய்த புண்ணியம்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷ வெயிலில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு ஒரு பழைய ஃபியட் வந்து சேர்ந்தது. ரிட்டயராகிக் கோயம்புத்தூர் போன ஆபீசர் ஒருவர் விற்றுவிட்டுப் போன வண்டி. வாங்கச் சொன்னது நான்தான். வேலப்பன்சாவடியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிறேன். முந்தின வருஷம் அத்தனை மூட்டையையும் பஸ்ஸில் கொண்டுபோனேன். "ஏம்மா, ஊட்டையே காலி பண்ணிகினு வந்துட்டியா?" என்று கண்டக்டர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. இந்த வருஷம் ஆர்டர் இரண்டு மடங்கு. ஜூன் முதல் திங்கள் பள்ளிக்கூடம் திறக்கிறது. துணி நேரத்துக்குப் போகாவிட்டால் அடுத்த வருஷம் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும்.

வண்டி வருவதற்கு முன்பே அம்பத்தூர் டிரைவிங் ஸ்கூலுக்கு இரண்டு மாதம் நடையாக நடந்து லைசென்ஸ் வாங்கியிருந்தேன். உத்தமனுக்கு ஓட்டத் தெரியாது. சைக்கிளோடு சரி. நான் குவார்ட்டர்ஸுக்குள் ஓட்டும்போது பக்கத்தில் உட்காருவார். நான் பிரேக் போடுவதற்கு முன்னால் அவருடைய வலது கால் போய்த் தரைவிரிப்பை மிதிக்கும். அங்கே ஒன்றும் கிடையாது. இருந்தாலும் மிதிப்பார்.

வண்டியில் ஒரே ஒரு குறை. பிரேக் மிதித்தால் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போகும். மெக்கானிக் மதுரைவீரன் முன் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "லைனர் சுத்தமா தேஞ்சு போய் ரிவெட்டு டிரம்மைக் கீறிட்டுகீதுக்கா. டிரம்மும் கடைஞ்சு கடைஞ்சு அப்பளம் மாரி ஆயிருச்சி. இன்னொரு தபா லேத்துல ஏத்த முடியாது. ரெண்டு சைடும் டிரம், ஷூ எல்லாம் புச்சா போட்ரு." டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணமாம்; ஷூவில் பதித்த லைனர் அதை உள்ளிருந்து அழுத்தினால்தான் வண்டி நிற்குமாம்.

ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் பஷீர் அகமது பாய் கடைக்குப் போனோம். பழைய வண்டிக்குச் சாமான் வேண்டுமென்றால் ஆவடி ஃபேக்டரிக்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான் போவார்கள். பாய் இரண்டு ஜோடி டிரம் எடுத்து வைத்தார். ஒன்று புதுப்பேட்டையில் உடைத்த வண்டியிலிருந்து வந்தது. உத்தமன் அதை அளக்கக்கூட இல்லை. இன்னொன்று அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் வார்த்துக் கடைந்தது. அதை உள்ளே நாலு இடத்தில் அளந்தார். விரலால் தடவினார். தலையை ஆட்டினார். அவர் ஒரு பொருளைப் பார்த்துத் தலையை ஆட்டினால் அது எனக்குத் தீபாவளி.

"டிரம் ஆச்சு. லைனர் இன்னா போடலாம்?" என்றார் பாய். "ஒண்ணு கெட்டி. ரொம்ப நாள் வரும், ஆனா ஓங்கி மிதிக்கணும். இன்னொண்ணு மெதுவு. சீக்கிரம் தேஞ்சிடும், தொட்டா நிக்கும். வண்டி யாரு சார் ஓட்டறது?"

"நான்தான் பாய்," என்றேன்.

"அம்மாவா! சார் கூட வருவாரா?"

"அவருக்கு ஷிஃப்ட் இருக்கே. தனியாத்தான் போவேன். வேலப்பன்சாவடி வரைக்கும்."

"ஐயோ, அந்த ரோட்ல லாரிங்க வர்ற வரத்து இருக்கே..." என்று பாய் வாயெடுத்தார்.

உத்தமன் வெர்னியரைத் திரும்ப எடுத்தார். ஒரு டிரம்முக்குள் வைத்தார், எடுத்தார். பிறகு மார்க்கரைத் திறந்து இரண்டு டிரம்மின் முகத்திலும் பெரிசாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"சார்! சார்! இன்னா சார் பண்ற? இது என் கடை சார்!"

"வட்டம் சரியில்ல பாய். தேறாது," என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

பாயிடம் மன்னிப்புக் கேட்டு வாய் வலித்தது எனக்கு. ஆனாலும் உத்தமன் சொன்ன காரணத்தை நான் சந்தேகப்படவில்லை. மனுஷன் மண்டைக்கனம் பிடித்தவராக இருக்கலாம், அளவில் பொய் சொல்ல மாட்டார்.

அடுத்த இரண்டு வாரம் மவுண்ட் ரோடு பக்கம் நாலு கடை ஏறி இறங்கினோம். ஒன்று கனமாம், ஒன்று வார்ப்பு சரியில்லையாம். வண்டி வாசலில் செங்கல் மேல் நின்றது. உள்ளே கூடம் முழுக்க நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை. படுக்க இடமில்லாமல் மூட்டைகளுக்கு நடுவில் முடங்கிக் கிடந்தோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே ஆடத் தெரிந்தவள் நான் தயாராக நிற்கிறேன், கோணல் என்று சொல்பவர் இவர்.

பள்ளிக்கூடம் திறக்க ஐந்து நாள் இருக்கும்போது பஷீர் பாய் ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். முன்னால் ஒரு கோணி. உள்ளே அந்த இரண்டு டிரம்.

"உங்க ஃபேக்டரி ஆளுங்க வர்றாங்கம்மா, பாக்கறாங்க, சிவப்பைக் கண்டதும் கையை இஸ்துக்கறாங்க. 'பாய், இது ரிஜெக்ட் பீஸு'ன்றாங்க. எத்தினி தபா சொன்னாலும் நம்ப மாட்டேன்றாங்க. உங்க ஃபேக்டரி டூல் ரூம் பால்ராஜ் கீறாரே, அவர் கையில குடுத்து அளக்கச் சொன்னேன். அளந்துட்டுச் சிரிக்கறாரு. 'பாய், இவ்ளோ சுத்தமான வட்டம் கம்பெனி டிரம்முக்கே வராது'ன்றாரு." கோணியை என் பக்கம் தள்ளினார். "சாரு அளவு தெரியாதவர் இல்லம்மா. அதான் உன்னாண்ட வந்தேன்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. கடையில் நடந்தது வரிசையாக ஞாபகம் வந்தது. முதலில் தலையை ஆட்டினார். நான் 'தனியா' என்று சொன்ன பிறகுதான் மார்க்கரைத் திறந்தார்.

ஷிஃப்ட் முடிந்து அவர் வந்தபோது சாப்பாட்டு மேஜையில் சோறு இல்லை, டிரம் இரண்டும் இருந்தன.

"அளந்து காட்டுங்க," என்றேன்.

சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்தார். திறக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அளக்க வேண்டாம் லோகா. சரியாத்தான் இருக்கு."

"பின்ன?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பத்தொம்பது வருஷத்துல நல்ல பீஸுக்கு நான் சிவப்பு போட்டதில்ல. அன்னைக்கு என்னமோ... பிரேக் சரியில்லன்னு சொன்னா நீ நிப்ப. எனக்குப் பயமா இருக்குன்னு சொன்னா நிப்பியா?"

நிற்க மாட்டேன். அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். இந்த மனுஷன் இத்தனை நாளும் வீட்டில் குறி போட்டதெல்லாம் கெட்டுப்போனதற்கு. முதல் தடவையாக நல்லதற்குப் போட்டிருக்கிறார், அதுவும் என்னால். அவர் மேல் அப்போது எனக்கு வந்த பாசத்தை வெளியே காட்டினால் டிரம் திரும்பக் கடைக்கே போய்விடும் என்று முகத்தை இறுக்கிக்கொண்டேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றேன். "அதுக்குத்தாங்க பிரேக்கு."

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, டிரம்மைத் தூக்கிக்கொண்டு என்னோடு பாய் கடைக்கு வந்தார். கடையில் ஃபேக்டரிக்காரர்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். "தப்பு என்னுது பாய். டிரம் நல்ல டிரம்," என்றார்.

"எனக்குத்தான் தெரியுமே சார். அவுங்களைப் பாத்துச் சொல்லு."

அவர்களைப் பார்த்தும் சொன்னார். காது மடல் சிவந்துவிட்டது. அந்த மூன்று பேரும் டிரம்மைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பாய் எல்லாருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். எந்த லைனர் என்று கேட்டபோது உத்தமன் யோசிக்கவே இல்லை.

"மெதுவானது. தேஞ்சா மாத்திக்கலாம். தொட்டா நிக்கணும்."

தின்னர் வைத்துக் குறியைத் துடைத்துவிடலாம் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். மதுரைவீரன் டிரம்மை மாட்டி, மேலே சக்கரத்தைப் பூட்டியதும் இரண்டு குறியும் உள்ளே மறைந்துவிட்டன.

குவார்ட்டர்ஸ் மைதானத்துப் பக்கம் ஆளில்லாத ரோட்டில் வண்டியை ஓட்டி, ஓங்கி ஒரு பிரேக் போட்டேன். நேராக நின்றது. அவர் இறங்கி டேப்பை எடுத்துக்கொண்டு தரையில் டயர் தேய்த்த கோடு இரண்டையும் அளந்தார். ஒரே நீளம். அடுத்த வீட்டு வடிவு மாடியிலிருந்து பார்த்துச் சிரித்தாள். சிரிக்கட்டும்.

சனிக்கிழமை காலையில் பின் சீட்டு நிறைய மூட்டை. உத்தமன் முன்னால் ஏறிக்கொண்டார். பருத்திப்பட்டு ஏரி வரைக்கும் அவர் கால் தரைவிரிப்பை மிதித்துக்கொண்டே வந்தது. காடுவெட்டிக்கு முன்னால் ஓர் எருமை குறுக்கே வந்தது. தொட்டேன், நின்றது. எருமை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

"இங்க நிறுத்து," என்றார்.

நிறுத்தினேன். இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாகக் குனிந்தார்.

"நீ போய்ட்டு வா. நான் பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போறேன்."

"பள்ளிக்கூடம் வரைக்கும் வரலியா?"

"ஷிஃப்ட் இருக்கு."

சனிக்கிழமை அவருக்கு ஷிஃப்ட் கிடையாது. இரும்பை அளக்கத் தெரிந்த மனுஷனுக்குப் பொய்யை அளந்து பேசத் தெரியவில்லை. நான் கியரைப் போட்டேன்.

எதிரே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. ஓரம் கட்டி வேகத்தைக் குறைத்தேன். அது கடந்து போனதும் கண்ணாடியில் பார்த்தேன். ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். வலது கால் மண்ணை அழுத்தி மிதித்தபடி இருந்தது.