ஒளிராத நாற்று

வாண்டு பிறவி வாயாடி. பேச்சு திக்க ஆரம்பித்த பிறகும் அவள் வாய் ஓயவில்லை. அப்பாவிடம், பக்கத்து வீட்டு அத்தையிடம், யாரும் அகப்படாவிட்டால் குளியலறை வாளியிடம் என்று திக்கித் திக்கியே ஒன்றுக்குப் பத்தாகப் பேசினாள். அம்மாவிடம் மட்டும் பேச்சு நின்றுபோயிற்று. எதைக் கேட்டாலும் ஒரு தலையாட்டல், மிஞ்சிப்போனால் ஒரு 'ம்'. பெற்ற வயிறு பற்றி எரியாமல் என்ன செய்யும்?

அம்மாக்காரியும் சும்மா இருக்கிற ரகம் இல்லை. செடிகளின் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்ப்பது அவள் வேலை. உற்றுப் பார்த்தால் எதையும் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கையை அந்த வேலை அவளுக்குக் கொடுத்திருந்தது, கூடவே கொஞ்சம் திமிரையும். சாயங்காலம் ஆனால் மகளை எதிர் நாற்காலியில் உட்காரவைத்து, கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துப் படம் பிடிப்பாள். போன வாரத்தைவிட இந்த வாரம் திக்கல் குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

"மெதுவா சொல்லு கண்ணு. மூச்சை இழுத்துட்டுச் சொல்லு. அவசரமே இல்ல."

அவசரமே இல்லை என்று வாய் சொல்லும். கண் இரண்டும் கண்கொத்திப் பாம்பாகக் குழந்தையின் உதட்டிலேயே நிற்கும். ஒரு சொல் பாதியில் மாட்டிக்கொண்டால் மீதியை இவளே சொல்லி முடித்துவிடுவாள். எல்லாம் அன்புதான், வேறென்ன. கடைசியில் அந்தப் பாதிச் சொல்லும் நின்று, படத்தில் தலையாட்டல் மட்டும் பதிந்தது.

"கொஞ்சம் விட்டுத்தான் பிடியேன்" என்பான் கணவன். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன்.

"உங்களுக்கென்ன, உங்ககிட்ட பேசுறா."

"ஊரையே மேல ஏத்தி இறக்குறேன். உன் காதுல ஒரு வார்த்தையை ஏத்த முடியல பாரு."

அடுக்களையில் அப்பாவும் மகளும் பேசும் சத்தம் கேட்கும். ஆசையாக இவள் உள்ளே நுழைவாள். வாண்டு உதட்டை மூடிக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். கதவுக்கு வெளியே நின்று மகள் பேச்சைத் திருட்டுத்தனமாகக் கேட்கிற நிலைமை எந்தத் தாய்க்கும் வரக் கூடாது. அவளுக்கு வந்தது.

இனி அவள் செடிக்கு வருவோம். செடியின் செல் வெளியிலிருந்து பார்த்தால் தேமே என்று இருக்கும். உள்ளே சந்தைக் கூட்டம். ஆக்டின் என்கிற புரத இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாதை போட்டிருக்க, அவற்றைப் பிடித்துக்கொண்டு பொடிப்பொடி மணிகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். இழைகள் சும்மா பார்த்தால் தெரியாது. அதனால் இழையில் ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிரும் ஓர் அடையாளப் புரதத்தைச் செடி தானே தயாரிக்கும்படி செய்துவிடுவார்கள். பிறகு இருட்டறையில் நீல ஒளியைப் பாய்ச்சினால் பாதையெல்லாம் பளிச்சென்று தெரியும்.

ஒரு குறிப்பிட்ட மரபணு இல்லாத நாற்றுகளில் இந்த மணிகள் நத்தையாக நகர்கின்றன, ஆகவே ஓட்டத்துக்கு அந்த மரபணு தேவை என்பது அவள் கண்டுபிடிப்பு. கட்டுரையும் எழுதியாயிற்று. பேராசிரியை ஒருமுறை படித்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. நாற்று பொறுக்கும்போது எது அதிகம் ஒளிர்கிறதோ அதையே எடுப்பார்கள், படம் அழகாக வரும் என்று. மரபணு இல்லாத நாற்றுகளை அவளே பொறுக்கியதால் அத்தனையும் ஜெகஜ்ஜோதி. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த சாதாரண நாற்றுகள் வேறோர் ஆய்வகத்தில் வாங்கியவை, கொஞ்சம் மங்கல். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் அவள் தட்டிலிருந்து எடுத்த ஒரு நாற்று ஒளிரவே இல்லை. அடையாளம் அதற்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். குப்பையில் போடுமுன் கண்ணாடித் தகட்டில் நாற்று இருக்கிறதா என்று சாதாரண வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்தாள். வேரிலிருந்து நீண்ட மெல்லிய தூவிக்குள் மணிகள் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தன. அந்த மரபணு இதிலும் இல்லைதான். ஆனாலும் ஓடின.

உடனே அதே தட்டைத் துழாவினாள். மங்கலாக ஒளிர்வதை எடுத்துப் பார்த்தாள், ஓட்டம் சுமார். நன்றாக ஒளிர்வதைப் பார்த்தாள்; நத்தை. மறுநாள் காலை பேராசிரியையின் அறையில் போய் நின்றாள்.

"மரபணு இல்லாததால இல்ல மேடம். நாம போட்ட அடையாளந்தான் இழையெல்லாம் அப்பிக்கிட்டு ஓட்டத்தைப் பிடிச்சு வச்சிருக்கு. எது நல்லா ஒளிருதோ அதையே பொறுக்கிப் பொறுக்கி எடுத்தது நான்."

பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நல்லாப் பாக்கணும்னுதானேம்மா அதைப் போட்டோம்?"

"ஆமா மேடம்."

"நல்லாப் பாத்தோம் போ." பெருமூச்சு விட்டார். "கட்டுரை நிக்கட்டும். ஒளிராத நாத்தையெல்லாம் எடுத்து முதல்லேருந்து பாரு. நாளைக்கு லீவுன்னு இருந்துடாத."

அன்று வீடு திரும்பும் பேருந்தில்தான் அவளுக்கு உறைத்தது. சர்க்கரை டப்பா, கைபேசி, எதிர் நாற்காலி. இதற்கு மேல் நான் விளக்கினால் உங்களுக்குக் கோபம் வரும். அவளுக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

அன்று சாயங்காலம் கைபேசி வெளியே வரவில்லை. வாண்டு டப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், சந்தேகத்தோடு அப்பாவிடம் ஓடிப்போனாள். இத்தனை நாள் போட்ட முடிச்சு ஒரே நாளில் அவிழுமா?

மறுநாள் சனிக்கிழமை. எங்கோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாகக் கணவனுக்கு அழைப்பு வந்தது. பக்கத்து வீடும் பூட்டியிருந்தது. வேறு வழியில்லாமல் மகளை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனாள். வழி நெடுகத் தலையாட்டல்தான்.

நுண்ணோக்கி அறையில் எப்போதும் இருட்டு. அன்று நீல ஒளியும் கிடையாது. நாற்றுக்கு அடியில் மட்டும் துளி வெளிச்சம். குழந்தையை முக்காலியில் ஏற்றி, "இதுல ஒரு கண்ணை வச்சுப் பாரு" என்றாள். குவியம் திருகும் குமிழில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் பார்க்க அந்த இருட்டில் வழியில்லை. பார்க்கவும் அவள் முயலவில்லை.

முக்காலி ஒருமுறை கிறீச்சிட்டது.

"ஓ... ஓ... ஓடுது" என்றது இருட்டு.

 அம்மாக்காரி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இ... இது எ... எங்க போகுது?"

"எனக்கும் தெரியலடி."

அம்மாவுக்கே தெரியாத ஒன்று இருக்கிறது என்பது வாண்டுக்குப் பரம திருப்தி. களுக்கென்று சிரித்தாள். ஒரு மணி இன்னொன்றை இடித்தது, அது கோபித்துக்கொண்டு திரும்பிப் போயிற்று, பெரியது ஒன்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி நடுவில் நின்றது என்று ஒவ்வொன்றாக வந்தது. திடீரென்று பேச்சு நின்றது.

"அ... அ... அ..."

அந்தச் சொல்லை அவள் நாள் கணக்கில் கேட்கவில்லை. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள்.  பிள்ளை தானாக அங்கே வந்து சேரட்டும் என்று காத்திருந்தாள்.

"அ... அம்மா, நீ பாக்கலையா?"

"நீ பாத்துச் சொல்லு. நான் கேக்குறேன்."

வாண்டு சொன்னாள். திக்கியது, நின்றது, மறுபடி கிளம்பியது. தகட்டில் நீர் வற்றினால் நாற்று வாடிவிடும், உடனே ஒரு சொட்டு விட வேண்டும் என்பது அந்த அறையின் சட்டம். நீர் வற்றிக்கொண்டே வந்தது. சொட்டுக்குழாய் எட்டத்து மேசையில் இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.