ஆறு மணிக்கு உடைய வேண்டிய தட்டு

விடிந்தால் கல்யாணம். கல்யாணப் பெண் தெடா பதினோராவது முறையாக வாசலுக்கு ஓடிவந்து சாலையைப் பார்த்தாள். மாலை மணி ஐந்தரை ஆகியிருந்தது.

தெருக்காரர்கள் அப்போதே கூட ஆரம்பித்துவிட்டார்கள். விரிசல் விட்ட கிண்ணம், கைப்பிடி போன கோப்பை, மூடி தொலைந்த சூப்புப் பாத்திரம் என்று கூடை கூடையாகப் பழைய பீங்கான் வந்திறங்கியது. ஆறு அடித்ததும், மணமக்களுக்கு நல்லது வரட்டும் என்று, அந்த ஊர் வழக்கப்படி எல்லாவற்றையும் வாசல் கல்லில் போட்டு உடைப்பார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து கூட்டி அள்ள வேண்டும். தெடாவின் நினைப்பெல்லாம் இன்னும் வராத ஒரே ஒரு தட்டின் மேல் இருந்தது. அது கனடாவிலிருந்து வர வேண்டும்.

கேஷே அத்தையின் கடிதம் மூன்று வாரத்துக்கு முன் வந்திருந்தது. 'நாற்பது பசுக்களை விட்டுவிட்டு என்னால் வர முடியாது. எங்கள் அம்மாவின் நீலப்பூத் தட்டு நாலில் என் பங்கு இரண்டு. ஒன்றைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அங்கே ஆறு அடிக்கும்போது இங்கே பகல் ஒரு மணி. நான் சமையலறைப் படியில் நின்று மற்றதை உடைப்பேன். அதே நேரத்தில் நீ இதை உடை. நானும் உன் வாசலுக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வேன்.'

அத்தை ஊரை விட்டுப் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவள் கப்பலேறிய அன்று, தெடாவின் அப்பா ஃபோக்கோ வைக்கோல் ஏற்ற வேண்டும் என்று சொல்லி, வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போகவில்லை. தன் தங்கைக்கு அதன்பிறகு ஒரு வரி எழுதியதுமில்லை. அவர் பங்குத் தட்டுகள் இரண்டும் கண்ணாடி அலமாரியில் அப்படியே நின்றன. அத்தையின் கடிதத்தைத் தெடா வாசிக்கும்போது மட்டும் அவர் தேநீரைக் கரண்டியால் கலக்குவார். அவர்கள் ஊர்ப் பக்கம் தேநீரை யாரும் கலக்க மாட்டார்கள்.

"இன்னும் வரலியா?" மாப்பிள்ளை ஹார்ம் துடைப்பத்தில் சாய்ந்து நின்றான். "தட்டை நீந்தியே வரச் சொல்லிட்டாங்களோ உங்க அத்தை?"

"வாயை மூடு. மனசு மாற எனக்கு நாளைக்குக் காலைல வரைக்கும் டைம் இருக்கு."

அப்போதுதான் தபால்காரர் எய்ல்ட்டின் சைக்கிள் வளைவில் திரும்பியது. பின்னால் ஒரு பெட்டி கட்டியிருந்தது.

"கனடா வந்தாச்சு!" என்று யாரோ கத்த, வாசலே கைதட்டியது. தெடாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஆனால் எய்ல்ட் சிரிக்கவில்லை. பெட்டியை நீட்டிய கையை மறுபடி இழுத்துக்கொண்டார். "நான் கீழ போடல, கண்ணு. சத்தியமாப் போடல. என் கைக்கு வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு."

பெட்டிக்குள் எதுவோ கலகலத்தது.

"உடைக்கத்தானே வந்துச்சு? வேலை மிச்சம்!" என்றார் பக்கத்து வீட்டு ரீம்ட். எல்லாரும் சிரித்தார்கள். தெடா சிரிக்கவில்லை. பெட்டியை வாங்கிப் பிரித்து, செய்தித்தாளையும் வைக்கோலையும் விலக்கினாள். நீலப்பூத் தட்டு மூன்று துண்டாகக் கிடந்தது.

அம்மா இம்கே அவள் தோளைத் தொட்டாள். "துண்டையே தூக்கிப் போடுடி. அங்க தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும்மா. அத்தை கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு நிப்பாங்க. இது நடுக்கடல்ல எப்பவோ உடைஞ்சு போச்சு, பக்கத்துல ஒரு ஆள்கூட இல்லாம."

அப்பா கொட்டகைப் பக்கமிருந்து வந்து பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். ஒரு துண்டை எடுத்து, விளிம்பில் விரலை ஓட்டிவிட்டு, மறுபடி உள்ளே வைத்தார். பிறகு திரும்பி வீட்டுக்குள் போனார்.

"பாத்தியா?" என்றாள் அம்மா. "கேஷே பேச்சு வந்தா போதும், உங்கப்பா உள்ள போயிடுவாரு."

தேவாலய மணி அடிக்க இன்னும் ஒரு நிமிடம்தான் இருந்தது. தெடா மூன்று துண்டுகளையும் நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

கதவு திறந்தது. அப்பா கையில் ஒரு நீலப்பூத் தட்டு. முழுத் தட்டு.

"ஃபோக்கோ! அது உங்க அம்மாவோடது!" என்று கத்தினாள் அம்மா.

"கேஷேவுக்கும் அவங்கதானே அம்மா." அவர் மகளிடம் திரும்பினார். "நான் போடட்டுமா?"

அப்பா எதற்கும் அவளிடம் அனுமதி கேட்டதில்லை. தெடா சரியென்று தலையை வேகவேகமாக ஆட்டினாள்.

முதல் மணி அடித்தது. அப்பா இரண்டு கையாலும் தட்டைத் தலைக்கு மேலே தூக்கி, வாசல் கல்லில் ஓங்கி அடித்தார். நீலப்பூக்கள் நாலா பக்கமும் தெறித்தன. தெடா தன் துண்டுகளை அதன் மேலேயே வீசினாள். "ஓ!" என்று தெருவே கத்தியது. கிண்ணம், கோப்பை, பூச்சாடி எல்லாம் மழையாகக் கொட்டின. நாய்கள் குரைத்தன. மிச்ச மணிகள் யார் காதிலும் விழவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இப்போது ஒரு தட்டு உடைகிறது, இந்த நொடியில் உடைகிறது என்று தெடா ஹார்மின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

பிறகு அவர்கள் கூட்டி அள்ளினார்கள். அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு எழுதிடு," என்றார்.

"என்னன்னுப்பா?"

"ஆறு மணிக்குத் தட்டு உடைஞ்சதுன்னு எழுது."

"எந்தத் தட்டுன்னு கேட்டா?"

அப்பா குனிந்து ஒரு நீலத் துண்டைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அதை நான் எழுதறேன்."

அம்மா கையிலிருந்த சாராயக் கோப்பைத் தாம்பாளத்தை அப்படியே ரீம்டிடம் தள்ளிவிட்டு, தாளும் பேனாவும் எடுக்க உள்ளே ஓடினாள். "இருங்க, இருங்க! மனசு மாறுறதுக்குள்ள!"