வெயின்ஸ்காட்டுக்கு நடந்த வாக்கெடுப்பு

எலெக்ட்ரானிக் சிட்டி அடுக்ககத்தின் கூட்ட அறையில் இடுப்பளவுக்குச் சுவரெல்லாம் மரப்பலகை அடித்த நாளிலிருந்து, சங்கத் தலைவர் ரகுராமுக்குக் கழுத்து ஒரு விரற்கடை நீண்டுவிட்டது. பலகை என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் விடமாட்டார். "வெயின்ஸ்காட்னு சொல்லுங்கோ. பிரபுக்கள் மாளிகைக்குன்னே பொறந்த வார்த்தை." வாசலில் பித்தளை எழுத்தில் 'வெயின்ஸ்காட் ஹால்' என்று பதித்தும் ஆயிற்று.

ஞாயிறு காலை பொதுக்குழு, தலைவர் தேர்தல். மறுபடி ஓட்டுக் கேட்க ரகுராமிடம் இருந்தது அந்த ஹால் ஒன்றுதான். லிஃப்ட் நினைத்தால் ஓடும்; தண்ணீர் லாரி வந்தால் குளியல்.

எதிர்த்து நின்ற டென்சில் கைபேசியோடு எழுந்தார். "அகராதில பாத்தேன் சார். பழைய ஜெர்மன் பக்கத்து வார்த்தையாம். முன்பாதி வண்டி. பின்பாதி பலகைன்னு தோணுதாம். மொதல்ல கப்பல்ல வந்த ஓக் மரத்துக்குத்தான் இந்தப் பேரு. செவுத்துல ஏறுனது அப்புறம்."

ரகுராம் கைபேசியை வாங்கினார். வண்டிப்பலகை. திரையை விரலால் துடைத்துப் பார்த்தார்; அர்த்தம் போகவில்லை.

சுவரில் சாய்ந்திருந்தவர்கள் மெல்ல முதுகை எடுத்துக்கொண்டார்கள்.

"சம்பந்திகிட்ட மாளிகைன்னு சொல்லித் தொலைச்சிட்டேனே," என்று அவர் மனைவி ருக்கு முனகினாள்.

பதவி போயிற்று என்று தெரிந்துகொண்டே ரகுராம் எழுந்தார். "தப்பு என்னோடதுதான்..."

"உக்காருங்கோ சார்," என்றாள் செயலாளர் நிருபமா. "தோணுதுன்னுதானே அகராதிக்காரன் போட்டிருக்கான்? அவனுக்கே நிச்சயமில்ல. நாம நிச்சயம் பண்ணிடலாம்."

நாய் லிஃப்டில் ஏறலாமா, பால்கனியில் துணி காயப்போடலாமா, எல்லாமே அங்கே கை தூக்கித்தான் முடிவாகும். வார்த்தை மாளிகையைச் சேர்ந்ததா, வண்டியைச் சேர்ந்ததா என்று இதுவும் ஓட்டுக்கு வந்தது. மாளிகைக்கு அறையே கை தூக்கியது. ருக்கு இரண்டு கையையும் தூக்கினாள். வண்டிக்கு டென்சில் மட்டும்.

"வார்த்தைக்கு ஓட்டுப் போடுற கூத்தை இப்பத்தான் பாக்குறேன்," என்றார் அவர்.

"உங்க ஃப்ளாட்டை விக்கப் போறச்சே இன்னும் நிறையப் பாப்பேள். வண்டிப்பலகை அபார்ட்மென்ட்டை எவன் வாங்குவான்?" என்றாள் நிருபமா.

டென்சில் யோசித்தார். தூக்கிய கை இறங்கி, தலையைச் சொறிந்தது. பிறகு போட்டியிலிருந்தும் விலகிக்கொண்டார்.

ரகுராம் ஏகமனதாகத் தலைவரானார். கைதட்டல் ஓயுமுன் நிருபமா சொன்னாள்: "மொதல் வேலையா அகராதிக்காராளுக்கு மெயில் போடுங்கோ சார். தீர்மானத்தை வெச்சு, திருத்தச் சொல்லி. உங்க கையெழுத்துலதான் போகணும்."

ரகுராம் அவளைப் பார்த்தார். அவள் விளையாடவில்லை.

"யாருக்குன்னு போடறது?"

"அங்கயும் தலைவர்னு ஒருத்தர் இருப்பாரோல்லியோ?"