நைஸான பொண்ணு வேண்டாம்

ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையால் என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. அதைச் சொன்னவர் வேறு யாருமில்லை, என்னைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட ஜெயபாண்டியேதான்.

திருப்பூரில் நாங்கள் இருவரும் ஒரே பனியன் கம்பெனி. அவர் கட்டிங் மாஸ்டர், நான் செக்கிங். இரண்டு வருடமாக என்னிடம் கண்ணாலேயே பேசிக்கொண்டிருந்தவர், ஒருவழியாக அவர் அம்மாவிடம் வாயைத் திறந்தார். 2006 தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, உசிலம்பட்டியிலிருந்து அவர் அம்மா ஒச்சாயி அத்தை என்னைப் பெண் பார்க்க வந்தார். நான் கொடுத்த காபியைக் குடித்தார். என் அப்பாவிடம் சிரித்துப் பேசினார். மறுநாள் காலையில் 'வேண்டாம்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. டீ டைமில் நேராகக் கட்டிங் டேபிளுக்கே போய் ஜெயபாண்டியைப் பிடித்தேன்.

"உங்கம்மாகிட்ட என்னத்தச் சொல்லித் தொலைச்சீக?"

"சத்தியமா நல்லதுதேன் சொன்னேன் விஜயா. 'புள்ள எப்புடிடா'ன்னு கேட்டுச்சு. 'நைஸ்'னேன்."

எங்கள் கம்பெனியில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. வாஷிங் முடிந்து வரும் துணியைத் தடவிப் பார்த்து அவர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால், அதற்குமேல் பேச்சில்லை. ஆனால் அவர் அம்மாவுக்குத் தெரிந்த நைஸ் வேறு. நைஸாகப் பேசி நகையைக் கழற்றுவார்கள், காரியம் முடிந்ததும் நைஸாக நழுவுவார்கள். மூத்த மருமகள் நைஸாகப் பேசியே பெரிய மகனைத் தனிக்குடித்தனம் கூட்டிப் போய்விட்டாள் என்று அத்தைக்கு ஏற்கெனவே ஆறாத ஆத்திரம். வீட்டுக்கு இன்னொரு நைஸ் எதற்கு?

"அப்படி அர்த்தம் இல்லன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். 'உன்னையும் மயக்கிப்புட்டா பாரு'ங்குது."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தரணி சிரித்துவிட்டாள். வெளிநாட்டு ஆர்டர்களுக்கு மெயில் எழுதுகிற பொங்கலூர்க்காரி, இங்கிலீஷில் எம்.ஏ.

"ஏனுங்க்கா, அந்த வார்த்தைக்கு மொதல்ல என்ன அர்த்தம் தெரியுமுங்களா? லத்தீன்ல 'ஒண்ணும் தெரியாதவன்'. இங்கிலீஷ்ல வந்து சேந்தப்பக்கூட முட்டாள்னுதானுங்க அர்த்தம். அப்புறம் கூச்சக்காரன், நுணுக்கம் பாக்கறவன்னு மாறி மாறித்தான், இப்ப நல்லாருக்குன்னு வந்து நிக்குதுங்க."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சூதுவாது தெரியாதவள் என்று அர்த்தம் சொல்லிவிட்டால் போதுமே! அத்தைக்கு அன்று சாயங்காலம் பஸ். பர்மிஷன் போட்டுவிட்டு இருவரும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம்.

மதுரை பஸ்ஸுக்குப் பக்கத்தில் அத்தை பையோடு நின்றிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் விளக்கினேன். "அந்தக் காலத்துல அதுக்கு ஒண்ணும் தெரியாதவங்கன்னுதான் அர்த்தமாம் அத்தை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீ வெவரங்கெட்டவளா ஆத்தா? அதுவும் நமக்கு ஆகாது."

அதோடு என் பொறுமை போயிற்று.

"வெவரங்கெட்டது நான் இல்ல அத்தை, உங்க மகன்! பொண்ணு எப்படின்னு கேட்டா, வாய் நெறைய நாலு வார்த்தை தமிழ்ல சொல்லத் தெரியல. பனியன் துணியப் பாத்த மாதிரி ஒத்த வார்த்தையச் சொல்லி, என் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டு நிக்கிறாரு. நீங்களும் எங்கிட்ட ஒண்ணும் கேக்காம பஸ் ஏறப் போறீக. எனக்கு இவர்தான் வேணும். மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது, உங்க மூஞ்சிக்கு நேராவே சொல்றேன்."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் விசில் அடிக்க மறந்து நின்றார். ஜெயபாண்டி தலையைக் குனிந்துகொண்டார். வாயைக் கொடுத்து எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டேன் என்றே நினைத்தேன்.

அத்தை பையைக் கீழே வைத்தார். மகன் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தார்.

"ஏண்டா பொய் சொன்ன? இந்தப் புள்ளகிட்ட மருந்துக்குக்கூட நைஸ் இல்லையேடா! போ, போயி ரெண்டு மொழம் பூ வாங்கிட்டு வா."