ஜன்னலோரம் ஏழடி

யூசுப் கூடத்தை அளந்தபோது தையல் மிஷினைக் கணக்கில் சேர்க்கவில்லை. டேப்பின் நுனியைக் கதவு நிலையோரம் கரீமாவைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையை ஜன்னல் சுவரை ஒட்டி இழுத்துக்கொண்டே போனார். மிஷின் குறுக்கே வந்தது. மேலே போர்த்தியிருந்த பூப்போட்ட துணியோடு சேர்த்து டேப்பை அழுத்தி மூலைவரை கொண்டுபோய், "ஏழடி. சாயற சேர் ரெண்டு தாராளமா போடலாம்" என்றார்.

கரீமா நுனியை விட்டாள். டேப் சர்ரென்று அவர் கைக்குள் ஓடிச் சுருண்டது. அந்தத் துணி முப்பத்தெட்டு நாளாக மிஷின் மேல் கிடக்கிறது. இன்னும் ஒரு வாரம். அவர் விமானம் ஏறியதும் எடுத்துவிடலாம். இருபத்து மூன்று வருஷமாக ஷார்ஜாவில் கிடக்கும் புருஷன் எப்போது கிளம்புவார் என்று நாள் எண்ணுவது நல்ல பெண்டாட்டிக்கு அழகில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் எண்ணினாள்.

அவர் வீட்டில் இருக்கும் நாட்களில் பெண்கள் வரமாட்டார்கள். யாரும் போட்ட கட்டளை இல்லை. ஆம்பளை இல்லாத வீடு என்பதால்தான் அவர்கள் கூடத்தில் நின்று முந்தானையை எடுத்துப் போட்டு அளவு கொடுத்தார்கள். புர்கா தைக்க வரும் தெருப்பெண்களைவிட உப்பளத்துப் பெண்கள்தான் அதிகம். விடியுமுன் பாத்தியில் இறங்கி, வெயில் ஏறியதும் கரையேறி, பத்து பதினோரு மணிக்கு நேராக இங்கே வருவார்கள். கணுக்கால்வரை வெள்ளை பூத்திருக்கும். கடையில் தைத்த பிளவுஸ் அவர்களுக்கு ஒரு பருவம் தாங்காது. வேர்வையும் உப்பும் அக்குளைத் தின்றுவிடும். கொக்கி துருப்பிடித்து மார்பில் கறை இறக்கும். கரீமா அக்குளுக்கு இரட்டைத் துணி கொடுப்பாள், கொக்கிக்குப் பதில் பிளாஸ்டிக் பட்டன் வைப்பாள். அளவு கொடுத்த பிறகும் அவர்கள் எழுந்து போவதில்லை. மருமகளைத் திட்டுவார்கள், மேஸ்திரி நடப்பதுபோல் நடந்து காட்டுவார்கள், ஒருத்தி சிரித்துச் சிரித்துத் தரையில் படுத்தேவிடுவாள். யூசுப் லீவில் வந்தால் எல்லாம் நின்றுபோகும். "பாய் வந்துட்டாராமே" என்று தெருமுனையோடு திரும்பிவிடுவார்கள்.

யூசுப்புக்கு இதெல்லாம் தெரியாது. முன்பு ஒருமுறை ஃபோனில், ரெண்டு பிளவுசு தைத்தேன் என்றாள். "ஏன், நான் அனுப்பறது பத்தலியா?" என்று கேட்டார். அதோடு அவள் அந்தப் பேச்சை விட்டாள்.

மறுநாள் பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்குப் போனார்கள். கடைக்குள் ஏசி குளிர். நாற்காலிகள் வரிசையாக வாய் பிளந்து கிடந்தன. விற்பனைக்காரர் அர்ச்சுனனுக்கு யூசுப் வயதுதான் இருக்கும், மீசைக்கு மட்டும் மை அடித்திருந்தார்.

"உக்காருங்க பாய். இதுல உக்காந்தவங்க எழுந்துக்கறதே கெடயாது."

"நான் எழுந்துக்கறேன். நீ மொதல்ல இத கவுத்துக் காட்டு."

"கவுக்கறதா?"

"அடியில இரும்ப பாக்கணும்ப்பா. நமக்கு மரக்காணம், உப்புக் காத்து. பூட்டிட்டுப் போன பூட்டே ஆறு மாசத்துல தொறக்காது."

இருவருமாக நாற்காலியைக் கவிழ்த்தார்கள். யூசுப் முட்டிபோட்டு ஒவ்வொரு திருகாணியாகத் தடவினார். ஷார்ஜாவில் அவருக்கு ஃபர்னிச்சர் குடோனில் வேலை. பிளாஸ்டிக் சுற்றிய இதே மாதிரி நாற்காலிகளை ஆயிரக்கணக்கில் இறக்கியிருக்கிறார். ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை.

"மோட்டார் வச்சதும் இருக்குது பாய். பட்டன அமுக்குனா தானா சாயும்."

"கரண்டு போச்சின்னா?"

"அது... வர்ற வரைக்கும் கால் மேலயேதான் நிக்கும்."

"கால தூக்கிக்கினு கெடக்கச் சொல்றியா? கையில இழுக்கறதே காட்டு."

கரீமாவை உட்காரச் சொன்னார். காப்பிக் கலர். பக்கத்துப் பிடியை அவரே இழுத்தார். முதுகு பின்னால் போக, கால் தரையை விட்டு எழும்பியது. அவள் குதிகால் கீழே எதையோ தேடியது. எழுந்துகொள்ளத் தெரியாமல் அப்படியே கிடந்தாள்.

"ஒண்ணு போதும்ங்க" என்றாள். "நீங்க போயிட்டா யாரு உக்காரப் போறா?"

"ரெண்டு எடுக்கறோம்."

"எதுக்கு?"

யூசுப் பிடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் போகல. விசாவ கேன்சல் பண்ணிட்டாங்க. லீவுன்னு சொல்லிட்டு வந்தேன், அவ்வளவுதான்."

அர்ச்சுனன் வேறொரு நாற்காலியைத் துடைக்கப் போய்விட்டார். கரீமாவின் வாய் அல்ஹம்துலில்லாஹ் என்றது. மனம், அவர் வருமுன் தைக்க வாங்கி பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பதினோரு துணிப்பைகளை ஒவ்வொன்றாகத் தொட்டது. அவர் முகத்தைப் பார்த்தாள். களைத்த முகம். ஏதாவது நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். "இந்தக் கலரே இருக்கட்டும்" என்றாள்.

திரும்பும்போது பஸ் கீழ்புத்துப்பட்டைத் தாண்டியதும் கரீமா கேட்டாள்.

"மிஷின எங்க போடறது?"

"எந்த மிஷினு? ஓ, அதுவா. அதத்தான் நீ தொடறதே இல்லியே. எத்தன லீவுக்கு வந்திருக்கேன், மூடித்தானே கெடக்குது."

"நீங்க வந்தா மூடிருவேன்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, சந்தைச் சாமான்களை ஒப்பிப்பதுபோல. உப்புக் குவியல்கள் ஓலை போர்த்தி ஓடிக்கொண்டிருந்தன. யூசுப், "எங்கிட்ட யாரும் சொல்லலியே" என்றார். பிறகு, "வரட்டுமே. நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன், அவங்கள என்ன பண்ணப்போறேன்?"

"வரமாட்டாங்க."

"ஒரு மனுசன் வூட்ல இருக்கறது தப்பா?"



மூன்றாம் நாள் வேனில் நாற்காலிகள் வந்தன. மிஷினை யூசுப்பே தூக்கிப் பின்னறையில் வைத்து, ஒரு பல்பும் மாட்டிக் கொடுத்தார். பின்னறைக்கும் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் ஜன்னலோர நாற்காலியில் சாய்ந்து, காலை உயர்த்தி, வாய் திறந்து தூங்கிப்போனார். இவ்வளவு ஆழமாக அவர் தூங்கி அவள் பார்த்ததில்லை.

பதினோரு மணிக்கு கேட் கிறீச்சிட்டது. உப்பளத்திலிருந்து விருத்தாம்பாள், கையில் மஞ்சள் பை. வாசல்படியில் கிடந்த யூசுப்பின் பெரிய தோல்செருப்பைப் பார்த்ததும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். கரீமா வெளியே வந்தாள்.

"பாய் எப்ப பாயம்மா கெளம்புறாரு?" விருத்தாம்பாள் குரலை இறக்கிக் கேட்டாள். "இருந்ததே ரெண்டு பிளவுசு. ஒண்ணு நேத்து கூடையத் தூக்கும்போது முதுகோட போயிடுச்சு. துண்டப் போட்டு மூடிக்கினு வந்தேன்."

கரீமா குனிந்தாள். செருப்பு இரண்டையும் கையில் எடுத்தாள். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. மாடிப்படிக்கு அடியில், பழைய பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து நின்றாள்.

விருத்தாம்பாள் வெறும் படியைப் பார்த்தாள். கரீமாவைப் பார்த்தாள். ஒரு காலைக் கேட்டுக்கு உள்ளே வைத்தாள். உப்புப் பூத்த கால் சிமெண்டில் வெள்ளைத் தடம் பதித்தது.

உள்ளே நாற்காலி டொக்கென்று நிமிர்ந்தது.